மறைகாப்பும் அடையாளமின்மையும்: இசைக்கோப்புப் பகிர்வு பற்றிய மாணவர் ஆய்வுகளின் அறநெறி

1999இல் தோன்றிய நாப்ஸ்டர் இணையவழி இசைக்கோப்புப் பகிர்வை அமெரிக்க மாணவரிடையே பரவலாக்கியது. அப்பழக்கம் மாணவர் ஆய்வுகளுக்கும் பொருளாயிற்று. உடன்பயில்வோரிடம் வினாநிரல் வழங்கும் மாணவர், விடைகள் மறைவாகக் காக்கப்படும் என உறுதியளிப்பது இயல்பு. அவ்வுறுதியின் வலிமை ஆராயத்தக்கது.

2003 ஏப்ரலில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கல்லூரி மாணவர் நால்வர்மீது வழக்குத் தொடுத்தன. செப்டம்பரில் மேலும் 261 வழக்குகள் தொடரப்பட்டன. இந்நிலையில், பெயருடன் பெறப்பட்ட விடைத்தாள் நீதிமன்ற அழைப்பாணைக்கு உட்படின் ஆய்வுத்தரவு வழக்குச் சான்றாகிவிடும். ஆய்வாளரின் நல்லெண்ணம் அதனைத் தடுக்காது. விடையளித்தோரின் அடையாளம் வெளிப்பட்டுக் குற்றவியல் அல்லது உரிமையியல் பொறுப்பு நேரக்கூடுமாயின், அத்தகைய ஆய்வு அறநெறிக்குழுவின் பார்வையிலிருந்து முற்றிலும் விலக்குப் பெறாது என்பதே அமெரிக்கக் கூட்டரசு விதியின் நிலைப்பாடும் ஆகும்.

பகிர்வு இசைத்தட்டு விற்பனையைப் பாதித்ததா என ஆராய்ந்த ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் ஆகியோரின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை, 680 இசைத்தொகுப்புகளையே பகுப்பாய்வின் அலகாகக் கொண்டது; தனியாள்களை அன்று. பதிவிறக்கியோரின் இசைவு பற்றிய வினா அங்கும் எஞ்சுகிறது. எனினும், பெயரறியாமலே பெரிய வினாவுக்கு விடை தேடலாம் என்பதை அது காட்டுகிறது.

ஒரே நபரைப் பன்முறை வினவும் ஆய்வுக்கு அடையாளம் தேவைப்படலாம். பிற ஆய்வுகளில், காக்க இயலாத வாக்கை அளிப்பதினும் காக்க வேண்டிய பெயரையே பெறாதிருத்தல் அறமாகும். இதனை வினாநிரல் நிலையிலேயே உறுதிசெய்வது நெறியாளரின் கடன்.