கூடத்தில் ஒரு கொடுங்கோல்!

விளக்கேற்றும் வேளையில் மதுரைத் தெருக்களில் நடந்து செல்வோர் காதில் வீட்டுக்கு வீடு ஒரே குரல் விழும். ஒரு பெண் விம்முவாள், மற்றொருத்தி சீறுவாள், ஓர் ஆண் அதட்டுவான். மேலூரிலும் அதே குரல்; உசிலம்பட்டியிலும் அதே குரல்; சோழவந்தானின் கொடிக்கால் ஓரத்துக் குடிசையிலும் அதே குரல். "ஐயோ, என்ன பூசலோ!" என்று அண்டை வீட்டார் எவரும் ஓடி வருவதில்லை. பூசல் வீட்டினுடையதன்று; தொலைக்காட்சிப் பெட்டியினுடையது. அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர், குடும்பத் தொடர்!

குடும்பத்தார் கூடியிருந்து காணத்தக்க நிகழ்ச்சிகள் அருகிவிட்டன என்று பலரும் குறைபடுகிறார்கள். குறை மெய்யே. ஆனால் அவர்களிற் சிலர் காட்டும் மருந்தை நாம் ஏற்பதற்கில்லை. மாமியாருக்கு அஞ்சி நடக்கும் மருமகள், கணவன் எது செய்யினும் கண்ணீரோடு பொறுக்கும் மனைவி ஆகியோரைக் காட்டினால் அதுவே நல்ல நிகழ்ச்சி என்பது அவர்தம் எண்ணம். அடக்கம் வேறு, அடிமைத்தனம் வேறு. வீட்டிலுள்ளோர் ஒருவரையொருவர் மதிக்கக் கற்பிப்பது எதுவோ, அதுவே குடும்பத்துக்கேற்ற கலை. நாம் கொள்ளும் அளவுகோல் இதுதான்.

பழங்காலமெல்லாம் பொற்காலம் என்று பாடவும் நாம் முன்வரவில்லை. 1959இல் டெல்லியில் பிறந்த தொலைக்காட்சி, 1975 ஆகஸ்டு 15இல் சென்னைக்கு வந்தது. பின்னர்க் கொடைக்கானல் மலைக் கோபுரத்தின் வாயிலாக மதுரைச் சமவெளிக்கு இறங்கிற்று. ஊராட்சிப் பெட்டியின் முன் ஊரார் அமர்ந்து 'வயலும் வாழ்வும்' கண்டனர்; 'ஒளியும் ஒலியும்' காண வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தனர். அரசின் புகழும் அளவு மீறி ஒலித்தது. விளங்காத இந்தியும் விருந்தாளிபோல் வந்து அமர்ந்தது. எனினும் அந்நாளையத் தொடருக்கு ஒரு சிறப்பு உண்டு. வாரத்திற்கு ஒரு முறை வரும். பெரும்பாலும் பதின்மூன்று வாரத்தில் முடியும். முடிவு என்ற ஒன்று இருந்ததால், கதை ஓரிடம் நோக்கி நடந்தாக வேண்டியிருந்தது.

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தோன்றியது. பிற நிறுவனங்கள் தொடர்ந்தன. 2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய அரசுத் திட்டம், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. செல்வர் வீட்டுச் சாளரத்தில் எட்டிப் பார்த்து விரட்டப்பட்ட கூலியாளின் மகன், தன் வீட்டுத் தரையில் அமர்ந்து பார்த்தான். அம்மாற்றத்தை இழித்துரைப்போர் அல்லர் நாம். வீட்டுக்குள் பெட்டி வந்தது; பெட்டிக்குள் என்ன வந்தது என்பதே நம் கேள்வி.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரையே எடுத்துக்கொள்வோம். திருச்செல்வம் இயக்கியது. மட்டமான சரக்கன்று, நல்ல நோக்கோடு தொடங்கப்பட்டது. படித்த பெண்களைத் தம்பியருக்கு மணமுடித்துக் கொண்டுவந்து, பட்டத்தைப் பெட்டியில் பூட்டி, அவர்களை அடுக்களையில் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரன். அவனை எதிர்த்து எழும் மருமக்கள். இதுதான் கதை. தமிழ்ப் பெண்களின் நெடுநாள் வேதனையைக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்திய துணிவைப் பாராட்டுகிறோம்.

ஆயினும் நடந்தது என்ன? மாரிமுத்துவின் நடிப்பாற்றலால், அதட்டும் குணசேகரனே வீடுதோறும் விருப்பத்திற்குரியவனானான். அவன் அதட்டலைச் சிறுவர் சொல்லிக் காட்டினர். பெரியோர் சிரித்து மகிழ்ந்தனர். 2023 செப்டம்பர் 8இல் அந்த அருங்கலைஞர் மறைந்தார். கதையின் கொடுங்கோலனோ மறையவில்லை! வேல ராமமூர்த்தி அந்த வேடம் ஏற்றார். 2024 ஜூனில் தொடர் நின்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே இரண்டாம் பாகம் எழுந்தது.

ஏன் இப்படி? இயக்குநரின் மனத்தில் குற்றம் தேட வேண்டியதில்லை. வாணிப முறையைப் பாருங்கள். மாதிரிக்கென்று தெரிந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி, எத்தனை பேர் பார்த்தனர் என்று வாரந்தோறும் கணக்கெடுக்கிறார்கள். அந்த எண் உயர்ந்தால் விளம்பரம் பெருகும். தாழ்ந்தால் கதை திரும்பும். கொடியவன் வீழ்ந்தால் கதை முடியும். கதை முடிந்தால் வருவாய் நிற்கும். ஆகவே அவன் வீழ்வதற்கில்லை! பெண் ஒரு நாள் வெல்வாள். மறுநாள் அவள் வெற்றி பறிக்கப்படும். ஓராண்டு இதைக் கண்ட பெண்ணுள்ளம் என்ன பாடம் பெறும்? "எதிர்த்துப் பயனில்லை" என்பதன்றி வேறென்ன?

வடபுலத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1984இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'ஹம் லோக்' தொடர், பெண்ணுரிமையும் சிறு குடும்பமும் போதிக்க எழுந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நேயரோடு நேரே பேசி நெறி சொன்னார். அப்படியிருந்தும், எல்லாக் கொடுமையையும் பொறுத்துக் கிடக்கும் தாய் பகவந்தியையே பின்பற்றத்தக்கவளாகப் பலர் கொண்டனர் என்று ஆய்ந்தோர் கண்டனர். அறிவுரை சொல்லியும் அந்நிலை! அறிவுரையே இல்லாத இடத்தில்?

கற்பனைப் பூசல் போதாதென்று மெய்யான குடும்பங்களின் பூசலையே விளக்கொளியில் விற்ற நிகழ்ச்சிகளும் உண்டு. 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கு 2018இல் இடைக்காலத் தடை விதித்தது, நம் மதுரையில் அமைந்த உயர்நீதிமன்றக் கிளைதான். ஏழையின் குடும்பத் துயர் காட்சிப்பொருளன்று என்பதை உணர்த்த வழக்குமன்றம் வரை போக வேண்டியிருந்தது!

இதைப் பொழுதுபோக்குத்தானே என்று தள்ளிவிட இயலுமா? உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக் கொலை 1980களில் ஏடுகளில் வெளியாகி நாட்டைத் தலைகுனிய வைத்ததை மறந்தோமா? பெண் சுமை, பெண் செலவு, பெண் பழி என்ற நினைப்பே அந்தப் பிஞ்சுகளைக் கொன்றது. அதே மண்ணில், இரவுதோறும், பெண் என்றால் அழுகை அல்லது நஞ்சு என்று காட்டுவது சிறு பிழையா?

இந்த மண்ணில் வேறு பெண்களே இல்லையா? மதுரையில் 1948இல் லேடி டோக் கல்லூரியும், 1953இல் பாத்திமா கல்லூரியும் தோன்றின. மூன்று தலைமுறைப் பெண்கள் கற்று வெளிவந்து ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, அலுவலர்களாக வாழ்கிறார்கள். அழகர்கோயில் பக்கத்துச் சிற்றூரின் சின்னப்பிள்ளை, பள்ளி சென்றறியாதவர், வயற்கூலி. களஞ்சியம் சேமிப்புக் குழுக்களில் பெண்களைத் திரட்டி, வட்டிக்காரர் பிடியைத் தளர்த்தினார். 2001இல் அவருக்கு விருதளித்த பிரதமர் வாஜ்பாய், அவர் கால் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. அவர் வீட்டிலும் அடுப்பு உண்டு, உறவு உண்டு, கவலை உண்டு. அத்தகைய குடும்பம் நம் தொடர்களில் எங்கே? தொடரில் வருவோர் உழுவதில்லை, நெய்வதில்லை, படிப்பதில்லை. பட்டுடுத்திச் சூழ்ச்சி செய்வதே அவர்கள் தொழில்!

நாம் தணிக்கைக் கத்தரியை வேண்டவில்லை. அது நாளை நல்லதையும் நறுக்கும். நாம் வேண்டுவது எளியது: தொடங்கும்போதே முடிவு தெரிந்த கதை, உழைத்து உண்ணும் வீடு, பெண் பெற்ற வெற்றியை மறுநாள் பறிக்காத நேர்மை. நேயர்களிடமும் ஒன்று வேண்டுகிறோம். பார்த்து முடித்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, "அவன் செய்தது சரியா?" என்று ஐந்து நிமிடம் வீட்டார் பேசுங்கள். பேச்சில் மகளுக்கும் மருமகளுக்கும் முதலிடம் தாருங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் கொடுங்கோலன் வீழாமற் போகலாம். அவனை வீழவிடாதது வாணிபம். நம் கூடத்தில் அவனுக்கு இடம் தருவதும் மறுப்பதும் நம் கையில் இருக்கிறது. மறுப்போமா?