நீதிபதியின் முகமும் பிள்ளையின் குரலும்

ஓர் அரசின் கையிலுள்ள அதிகாரங்களில் மிகக் கனமானது, பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அதிகாரம். அதைப் பாவிக்கும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் மூடிய கதவுக்குள்தான் இயங்குகின்றன. அந்தக் கதவைத் திறந்து கமரா உள்ளே போனால் எதைக் காண்கிறது, எதைக் காணத் தவறுகிறது? அமெரிக்காவில் எடுக்கப்பட்ட மூன்று ஆவணப்படங்களை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். ஃபிரெடரிக் வைஸ்மனின் ‘ஜூவனைல் கோர்ட்’ (1973), ஸ்டெஃபனி வாங்-பிரீலின் ‘டஃப் லவ்’ (2014), ஆன் மேக்பீஸின் ‘ட்ரைபல் ஜஸ்டிஸ்’ (2017) ஆகியவையே அவை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிபதி எவ்வளவு நல்லவர் என்று காட்டுவதை வைத்து இப்படிப்பட்ட படங்களை எடைபோடக் கூடாது. அந்த நல்லவர் நாளைக்கு அந்தக் கதிரையில் இல்லாவிட்டால் குடும்பத்தைக் காக்கப்போவது எது? அதைக் காட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. சிறுவருக்கான முதல் நீதிமன்றம் 1899 இல் சிக்காகோவில் தொடங்கியது. நீதிபதி ஒரு தகப்பனைப் போல நடந்துகொள்வார், ஆகவே சட்டத்தரணியும் சாட்சி விசாரணையும் பெரிதாகத் தேவையில்லை என்பதே அதன் அடிப்படை எண்ணம். அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டதென்பதை 1967 இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கோல்ட் வழக்கு காட்டியது. அயலிலுள்ள ஒரு பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஒருவன்மீது குற்றம் சாட்டப்பட்டது. 21 வயது வரை, அதாவது ஆறு வருடங்கள் வரை, அவனைத் தடுத்துவைக்கலாம் என்று சிறுவர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. வளர்ந்த ஒருவர் இதே குற்றத்தைச் செய்திருந்தால் கூடியபட்சத் தண்டனை 50 டொலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. சிறுவருக்கும் சட்டத்தரணி வேண்டும், குற்றச்சாட்டை முன்கூட்டியே அறியும் உரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வைஸ்மன் தன் கமராவுடன் மெம்ஃபிஸ் நகரச் சிறுவர் நீதிமன்றத்துக்குள் போனது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் இந்தப் படத்தில் பின்னணிக் குரலும் இல்லை, பேட்டியும் இல்லை. கடைசி வழக்கு 17 வயதுப் பையன் ஒருவனுடையது. ஆயுதமுனைக் கொள்ளையில் கார் ஓட்டியவன் என்பது குற்றச்சாட்டு. பயமுறுத்தித்தான் ஓட்ட வைத்தார்கள், எனக்கு விசாரணை வேண்டும் என்று அவன் அழுகிறான். ஆனால் நீதிபதியும் சட்டத்தரணிகளும் உள்ளறையில் கூடிக் கதைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போனால் பல வருடச் சிறை வரும், சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதே அவனுக்கு நல்லது என்கிறார்கள். அந்த அறையில் கெட்டவர் என்று யாருமில்லை. எல்லோரும் அவனுடைய நன்மையைத்தான் பேசுகிறார்கள், அவன் சொல்வதைத்தான் யாரும் எடுக்கவில்லை. கோல்ட் தீர்ப்பு கொடுத்த சட்டத்தரணி அவனுக்கு இருக்கிறார், இருந்தும் நிலைமை இதுதான். படம் ஒரு வார்த்தை தீர்ப்புச் சொல்லாமலே இதை நமக்கு விளங்க வைத்துவிடுகிறது.

‘டஃப் லவ்’ குற்றம் சாட்டப்பட்ட சிறுவரைப் பற்றியதல்ல, பிள்ளைகளை இழந்த பெற்றோரைப் பற்றியது. நியூயோர்க்கில் ஒரு தாய், சியாட்டிலில் ஒரு தகப்பன். இவர்களின் கதையோடு ஒரு கடிகாரமும் ஓடுகிறது. 1997 இல் வந்த சட்டத்தின்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் பிள்ளை அரச பராமரிப்பில் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை முற்றாக நீக்கக் கோரி அரசு வழக்கிட வேண்டும். வீடு தேட, வேலை எடுக்க, போதையிலிருந்து மீள 15 மாதம் போதுமா? ஒரு பாலகனுக்கு அதே 15 மாதம் ஓர் ஆயுள் அல்லவா? இரண்டு கேள்வியும் நியாயமானவை.

சியாட்டில் தகப்பனின் வழக்கு குடும்பச் சிகிச்சை நீதிமன்றத்தில் நடக்கிறது. இந்த முறை 1990களின் நடுப்பகுதியில் நெவாடாவின் ரீனோ நகரில் தொடங்கிப் பரவியது. நீதிபதி, சமூக சேவை உத்தியோகத்தர், சட்டத்தரணி, சிகிச்சை ஆலோசகர் என்று எல்லோரும் ஓர் அணியாக வேலைசெய்வார்கள். பெற்றோர் அடிக்கடி நீதிமன்றம் வர வேண்டும். முன்னேறினால் பாராட்டு உண்டு. சறுக்கினால் உடனே கதை முடிந்துவிடாது. சும்மா சொல்லக் கூடாது, ‘கோடு கச்சேரி’ என்றாலே கசப்பை மட்டும் அறிந்த நமக்கு இது பெரிய ஆறுதலான காட்சி. ஆனால் உதவுகிற கையும் கண்காணிக்கிற கையும் இங்கே ஒன்றுதான். இன்று மனம் திறந்து சொன்ன ஒரு சறுக்கல், நாளைக்கு எதிராக எழுதப்படும் குறிப்பாகவும் ஆகலாம். படம் பெற்றோரின் பக்கத்தில் அன்போடு நிற்கிறது. இந்த இரட்டைத்தன்மையை இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

‘ட்ரைபல் ஜஸ்டிஸ்’ நம்மைக் கலிபோர்னியாவின் பூர்வகுடி நீதிமன்றங்களுக்குக் கூட்டிப்போகிறது. வடக்கே யுரோக் மக்களின் நீதிபதி அபி அபினான்டி, தெற்கே பாலைவனப் பகுதியில் கெச்சான் மக்களின் நீதிபதி கிளோடெட் வைட். அபினான்டி கறுப்பு அங்கி போடுவதில்லை. உயர்ந்த ஆசனத்தில் ஏறாமல், வந்தவரோடு ஒரே மேசையில் இருந்து பேசுகிறார். இங்கே குடும்பம் என்ற சொல்லே விரிகிறது. 1978 ஆம் ஆண்டின் பூர்வகுடிச் சிறுவர் நலச் சட்டம் வருவதற்கு முன் நடந்த ஆய்வுகள், அந்த மக்களின் பிள்ளைகளில் 25 முதல் 35 வீதமானோர் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததாகக் கண்டன. ஆகவே, பிரிக்க வேண்டி வந்தாலும் பிள்ளையை முதலில் சொந்தக்காரரிடமும் பிறகு அதே குலத்தாரிடமும் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வரிசை போட்டது. எங்கட ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உம்மாவுக்கு இயலாமல் போனால் மூத்தம்மா, சாச்சி, மாமி என்று ஒரு மடி இல்லாவிட்டால் இன்னொரு மடி.

இந்தப் படத்தின் பலமும் பலவீனமும் அந்த இரண்டு நீதிபதிகள்தான். அவர்களின் ஈர்ப்பில் கமரா மயங்கிப்போகிறது. எல்லா ஊருக்கும் ஓர் அபினான்டி கிடைப்பாரா? கிளோடெட் வைட் 2021 இல் காலமானார். அவர் துணைநின்ற 1978 சட்டமோ உச்ச நீதிமன்றம் வரை எதிர்க்கப்பட்டும், 2023 இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நிலைத்தது. மனிதர் போன பிறகும் நிற்பது அந்த ஏற்பாடுதான். பார்ப்பவர் மனதில் தங்குவதோ மனிதரின் முகம்.

கடைசியாக, பிள்ளை. மூன்று படத்திலும் பிள்ளைக்காகப் பேசுபவர்கள் நிறைய. படம்பிடிக்க ஒப்புதல் கொடுப்பவரும் பெரியவர்தான். பிள்ளை வளரும், படம் வளராது. வாழ்க்கையின் மிக மோசமான ஒரு நாள், தன் சம்மதமில்லாமல் உலகத்துக்குச் சொந்தமாகிவிட்டது என்பதை அது பிறகுதான் அறியும். மெம்ஃபிஸில் விசாரணை கேட்ட அந்தப் பையன் இன்று உயிரோடிருந்தால் எழுபதை நெருங்கியிருப்பார். படத்தில் இன்னும் பதினேழு வயதிலேயே அழுதுகொண்டிருக்கிறார்.

இதற்காக இப்படியான படங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூடிய கதவுக்குள் நடக்கும் அநீதி கதவு மூடியிருப்பதால்தான் நீடிக்கிறது. வைஸ்மனின் படம் இல்லாவிட்டால் அந்த உள்ளறைப் பேச்சு யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் நம்மில் யாராவது நாளைக்கு இப்படியொரு கதையைப் படமாக்கவோ எழுதவோ புறப்பட்டால், நீதிபதியின் முகத்திலிருந்து கமராவைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். வழக்கு முடிந்த அடுத்த மாதம் அந்தக் குடும்பத்தின் வாடகையை யார் கட்டுகிறார்கள், சிகிச்சை தொடர்கிறதா, பிள்ளை யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறது என்று கேட்க வேண்டும். இந்த மூன்று படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் படத்தின் உள்ளறையைப் பார்த்தவருக்கு மற்ற இரண்டிலும் கனிவைக் கண்டு மகிழவும் தெரியும், அந்தக் கனிவைக் கேள்வி கேட்கவும் தெரியும்.