செல்வாக்காளர் மேலாண்மையில் தரகும் மறைவிலையும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சமூக ஊடகச் செல்வாக்காளர்களின் மேலாளர்கள் வருவாய் ஈட்டும் முறைகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. வெளிப்படையான விழுக்காட்டுத் தரகும், விளம்பரதாரர் தரும் தொகைக்கும் படைப்பாளர் பெறும் தொகைக்கும் இடையிலான மறைவான இடைவெளியும் ஒரே தொழிற்பெயரின் கீழ் இயங்குகின்றன. அமெரிக்க அனுபவத்தையும் இந்தியச் சட்டங்களையும் முன்வைத்து, மேலாளர் யாருடைய முகவர் என்ற வினாவே இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல் என இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: செல்வாக்காளர், மேலாளர், தரகு, முகமை, விளம்பரம், ஒப்பந்தச் சட்டம்.

முன்னுரை

யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகிய தளங்களில் திரண்ட பார்வையாளர்களைப் பெற்று, அவர்களின் நுகர்வு முடிவுகளில் தாக்கம் செலுத்துவோர் ‘இன்ஃப்ளூயன்சர்’ எனப்படுகின்றனர். இவர்களைச் ‘செல்வாக்காளர்’ எனக் குறிக்கலாம். இவர்களின் வருவாய் குறித்துப் பேசப்படும் அளவிற்கு, இவர்களுக்கும் விளம்பரதாரருக்கும் நடுவில் நிற்கும் மேலாளரின் வருவாய் பேசப்படுவதில்லை. விலையை அறிந்தவர் அவரே. ஒப்பந்தத்தை எழுதுபவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே அவரது வருவாயின் அமைப்பை ஆராயாமல், இத்தொழிலில் உழைப்புக்குரிய பயன் யாரைச் சேர்கிறது என்பதை மதிப்பிட இயலாது.

1. வருவாய் வழிகள்

மேலாளரின் வருவாயை நான்காக வகைப்படுத்தலாம். முதலாவது, விளம்பர ஒப்பந்தத் தொகையில் பெறும் விழுக்காட்டுத் தரகு. இது பரவலாக 10 முதல் 20 விழுக்காடு வரை அமைகிறது. இரண்டாவது, ஒப்பந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செல்வாக்காளர் வழங்கும் மாத ஊதியம். மூன்றாவது, தளத்தின் விளம்பர வருவாய், சொந்தப் பொருள் விற்பனை, மேடை நிகழ்ச்சி போன்றவற்றில் பெறும் பங்கு. நான்காவது, விளம்பரதாரரிடம் ஒரு விலையும் படைப்பாளரிடம் மற்றொரு விலையும் பேசி, இடைவெளியைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளுதல்.

முதல் மூன்றிலும் மேலாளர் பெறுவது எவ்வளவு என்பதைப் படைப்பாளர் அறிவார். நான்காவதில் அறியார். இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். விளம்பரதாரர் 5 லட்சம் ரூபாய் தருகிறார் எனவும் தரகு 20 விழுக்காடு எனவும் கொள்வோம். வெளிப்படையான முறையில் மேலாளருக்கு 1 லட்சமும் படைப்பாளருக்கு 4 லட்சமும் சேரும். ஒப்பந்தத் தொகை 3 லட்சம் எனப் படைப்பாளரிடம் கூறப்பட்டால், மறைக்கப்பட்ட 2 லட்சமும் 3 லட்சத்திற்கான தரகு 60 ஆயிரமும் மேலாளரைச் சேரும். படைப்பாளர் பெறுவது 2 லட்சத்து 40 ஆயிரம். ஏட்டில் 20 விழுக்காடாக உள்ள தரகு, நடைமுறையில் 52 விழுக்காடாகிறது.

2. ஹாலிவுட் மரபின் தொடர்ச்சி

விழுக்காட்டுத் தரகு என்பது இணையம் உருவாக்கிய முறையன்று. அமெரிக்கத் திரைத்துறையில் நடிகர் சங்கத்தின் விதிகளுக்கு உட்பட்ட முகவர்களின் தரகு நெடுங்காலமாக 10 விழுக்காடு என வரையறுக்கப்பட்டிருந்தது. கலிபோர்னியா மாநிலச் சட்டத்தின்படி, கலைஞருக்கு வேலை தேடித் தரும் முகவர் உரிமம் பெற வேண்டும். தம் கட்டண அட்டவணையைத் தொழிலாளர் ஆணையரிடம் அளிக்க வேண்டும். கலைஞரின் தொழில்வாழ்வுக்கு ஆலோசனை வழங்கும் ‘மேலாளர்’ உரிமம் பெறத் தேவையில்லை. ஆனால் உரிமமின்றி அவர் வேலை தேடித் தரலாகாது. 2008ஆம் ஆண்டு மாரத்தான் என்டர்டெய்ன்மென்ட் நிறுவனத்திற்கும் நடிகை ரோசா பிளாசிக்கும் இடையிலான வழக்கில், மேலாளர்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் எனக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், ஒப்பந்தத்தில் சட்டத்திற்குப் புறம்பான பகுதியை மட்டும் பிரித்து நீக்க இடமுண்டு எனவும் அது கூறியது.

செல்வாக்காளர் மேலாளர் செய்யும் முதன்மைப் பணி ஒப்பந்தம் தேடித் தருவதே. அதாவது, அவர் முகவரின் பணியைச் செய்கிறார்; ஆனால் மேலாளர் என்னும் பெயரைச் சூடுகிறார். பணி ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருக்கும்போது, பணிக்குரிய பொறுப்புகள் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

3. வலையமைப்புகள் தந்த படிப்பினை

யூடியூப் 2007இல் படைப்பாளர்களுடன் விளம்பர வருவாயைப் பகிரத் தொடங்கியது. நெடிய காணொலிகளில் 55 விழுக்காடு படைப்பாளருக்கு உரியது. இப்பங்கை மையமிட்டு, பல அலைவரிசைகளை ஒருங்கே நிர்வகிக்கும் எம்.சி.என். வலையமைப்புகள் தோன்றின. வால்ட் டிஸ்னி நிறுவனம் 2014இல் மேக்கர் ஸ்டுடியோஸ் என்ற வலையமைப்பை 50 கோடி டாலருக்கு வாங்கியது. இலக்குகள் எட்டப்பட்டால் மேலும் 45 கோடி டாலர் வழங்கவும் இசைந்தது. மூன்றாண்டுகளுக்குள் அவ்வலையமைப்பு பல்லாயிரம் படைப்பாளர்களை விடுவித்துச் சில நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டது. எண்ணிக்கையைப் பெருக்கி அனைவரிடமும் சிறு பங்கு பெறும் மேலாண்மை, தனியொருவருக்கான உழைப்பாக அமையவில்லை என்பதை இது காட்டுகிறது.

பணம் செல்லும் வழியும் கருதத்தக்கது. வலையமைப்பில் இணைந்த அலைவரிசையின் வருவாய் முதலில் வலையமைப்பைச் சென்றடைந்து, பின்னரே படைப்பாளருக்குப் பகிரப்பட்டது. 2018 நவம்பரில் டெஃபி மீடியா நிறுவனம் மூடப்பட்டபோது, தமக்குரிய தொகை கிடைக்கவில்லை என அதன் வலையமைப்பிலிருந்த படைப்பாளர்கள் வெளிப்படையாகக் கூறினர். தம் உழைப்பின் ஊதியம் இடையாளரின் கணக்கில் தங்கும் காலம் முழுவதும், படைப்பாளர் அவருக்குக் கடன் கொடுத்தவராகவே நிற்கிறார்.

4. துண்டுக்கு அடியில் பேசும் விலை

தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் தொட்டு விலை பேசும் வழக்கம் உண்டு. அத்துண்டு சுற்றி நிற்போருக்கு விலையை மறைக்கிறது. எனினும் விற்பவரும் வாங்குபவரும் அதே சந்தையில் நிற்கின்றனர். பணம் கைமாறும்போது தொகை அவர்களுக்கு வெளிப்பட்டுவிடும். செல்வாக்காளர் சந்தையிலோ விற்பவருக்கே விலை மறைக்கப்பட வாய்ப்புண்டு. விளம்பரதாரருடன் நேரில் பேசுவதைத் தடுக்கும் விதி, தொகையை வெளியிடக் கூடாது என்னும் இரகசியக் காப்பு விதி ஆகியன அம்மறைப்புக்குத் துணைநிற்கின்றன.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. விளம்பரதாரர் பணம் தர மாதக்கணக்கில் தாமதிக்கையில், சில மேலாண்மை நிறுவனங்கள் படைப்பாளருக்கு முன்கூட்டியே வழங்குகின்றன. ஒப்பந்தம் முறியும் இடரையும் ஏற்கின்றன. அந்த இடருக்கான விலையே இடைவெளித் தொகை என்பது அவற்றின் நிலைப்பாடு. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இடருக்கு விலை உண்டெனில், அதனை ஒப்பந்தத்தில் எழுதத் தடையேதுமில்லை. எழுதப்படாத விலையை இடருக்கான ஈடு என ஏற்க இயலாது.

5. இந்தியச் சட்டச் சூழல்

இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021இல் செல்வாக்காளர்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதலை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறிழைத்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். வரித்துறையில், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஆர் பிரிவு, 2022 ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 20 ஆயிரம் ரூபாயைக் கடக்கும் பொருட்பயன்களுக்கு 10 விழுக்காடு வரிப்பிடித்தம் செய்ய வழிவகுத்தது. இவையனைத்தும் விளம்பரதாரருக்கும் செல்வாக்காளருக்கும் இடையிலான உறவைப் பார்வையாளருக்கும் அரசுக்கும் வெளிப்படுத்தக் கோருகின்றன. மேலாளரின் பங்கைப் படைப்பாளருக்கு வெளிப்படுத்தக் கோரும் விதி இவற்றுள் இல்லை.

எனினும் விதியே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் முகமை இயல் இங்கு நினைவுகூரத்தக்கது. கேட்கும்போது முதல்வருக்கு முறையான கணக்குக் காட்டுவது முகவரின் கடமை என 213ஆம் பிரிவு கூறுகிறது. முதல்வர் அறியாமல் முகவர் தம் சொந்தக் கணக்கில் வணிகம் செய்து பெற்ற பயனை, முதல்வர் கோரலாம் என்கிறது 216ஆம் பிரிவு. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஒருவரைத் தொழில் செய்யவிடாது தடுக்கும் நிபந்தனைகள், 27ஆம் பிரிவின் முன் நிற்பது அரிது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தாம் முகவர் அல்லர். படைப்பாளரிடம் சேவையை வாங்கி விளம்பரதாரருக்கு விற்பவர் என மேலாளர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால், கணக்குக் காட்டும் கடமையிலிருந்து விலகிவிட முயலலாம். தொடக்கத்தில் ‘உங்கள் நலனுக்காகப் பேசுபவர்’ என அறிமுகமாகி, கணக்குக் கேட்கும்போது ‘உங்களிடம் வாங்கி விற்பவர்’ ஆகும் இவ்விரட்டை நிலையே இத்தொழிலின் அறச்சிக்கல்.

முடிவுரை

மேலாளரின் உழைப்பு மதிப்புடையது. விலை பேசுதல், காணொலியை எத்தனைக் காலம் விளம்பரமாகப் பயன்படுத்தலாம் என வரையறுத்தல், நிலுவைத் தொகையை வசூலித்தல் ஆகியன படைப்பாளர் பலருக்கும் கைவராத திறன்கள். எனவே இங்கு மறுக்கப்படுவது தரகு அன்று, மறைவிலையே. விளம்பரதாரர் வழங்கிய விலைப்பட்டியலின் படியைப் படைப்பாளர் பெறும் உரிமை, மேலாளர் முகவரா மறுவிற்பனையாளரா என்பதை ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திலேயே குறிப்பிடுதல், ஒப்பந்தம் முடிந்தபின் தரகு தொடரும் கால எல்லையை வரையறுத்தல் ஆகிய மூன்றும் நடைமுறையானால் இச்சிக்கலின் பெரும்பகுதி தீரும். விளம்பரதாரருடன் தமக்குள்ள உறவைப் பார்வையாளருக்கு வெளிப்படுத்துமாறு படைப்பாளரைச் சட்டம் பணிக்கிறது. அதே வெளிப்படைத்தன்மையைத் தம் மேலாளரிடமிருந்து படைப்பாளர் எதிர்பார்ப்பது சலுகை அன்று, உரிமை.