சிலுவை ஏந்தியவர்

தேவாலய வரலாறுகளை நான் மெய்க்கீர்த்திகளைப் போலத்தான் வாசிக்கிறேன். கட்டியவர், அடுத்து வந்த குரு, அவருக்கும் அடுத்தவர் என ஆண்பெயர்கள் வரிசையாகப் போகும். பெண்கள் 'மாதர் சங்கம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

வடக்கு பிலடெல்பியாவில் உள்ள 'சர்ச் ஆஃப் தி அட்வகேட்' என்னும் எபிஸ்கோபல் ஆலயத்தில் இந்த வரிசை குலைகிறது. 1962 முதல் 1987 வரை அங்கே குருவாக இருந்த பால் வாஷிங்டன், சுற்றிலும் வாழ்ந்த ஏழைக் கறுப்பின மக்களுக்கு அதைத் திறந்துவைத்தவர். 1968இல் கறுப்பின அதிகார மாநாடு அங்கேதான் நடந்தது. 1974 ஜூலை 29 அன்று 11 பெண்கள் அங்கே குருப்பட்டம் பெற்றார்கள். அதுவரை பெண்கள் டீக்கன் ஆகலாம், அதற்கு மேல் வழியில்லை. வட்டாரப் பேராயர் எதிர்த்தார். வாஷிங்டன் ஆலயத்தைக் கொடுத்தார்.

இதைச் சொல்லும் வாக்கியங்களின் இலக்கணத்தைக் கவனியுங்கள். மூன்று பேராயர்கள் பட்டம் 'அளித்தார்கள்', வாஷிங்டன் 'அனுமதித்தார்'. பெண்களுக்கு மிஞ்சுவது செயப்பாட்டு வினை. ஆனால் இதற்காக ஆள்திரட்டியவர்களில் முக்கியமானவர் அந்தப் பதினொருவரில் ஒருவரான சூசன் ஹையட். 1934இல் பலூனில் 17 கிலோமீட்டருக்கு மேல் பறந்த ஜீனெட் பிக்கார்ட், தன் 79ஆம் வயதில் அன்று பட்டம் பெற்றார். கத்ரீனா சுவான்சன், பட்டமளித்த பேராயர் எட்வர்ட் வெல்ஸின் மகள். (அதையும் அப்பா கொடுத்த சீதனம் என்று எழுதிவிடலாம்தான்!) அவர்களுக்கு வாய்த்த நாள் மரியாள், மார்த்தாள் திருநாள். அடுப்படியில் உழன்றவளும் காலடியில் அமர்ந்து கேட்டவளும் சேர்ந்து நினைக்கப்படும் நாள்.

பெண்ணிய வாசிப்பு இதோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. பதினொருவரும் வெள்ளையர். அவர்களுக்கு முன்னால் சிலுவை ஏந்தி நடந்தவர் பார்பரா ஹாரிஸ். அதே சபையின் நிர்வாகப் பொறுப்பிலிருந்த கறுப்பினப் பெண். 'பிலடெல்பியா பதினொருவர்' என்ற புகழ்பெற்ற எண்ணிக்கையில் அவர் இல்லை. கறுப்பின மக்களின் ஆலயம் இடம் கொடுத்தது, கறுப்பினப் பெண் வழி நடத்தினார், பெயர் வேறு இடத்தில் நின்றது. பெண் என்ற சொல்லை யாருடைய உடலை வைத்து நிரப்புகிறோம் என்ற கேள்வியை அந்த ஊர்வலத்திலிருந்தே கேட்கலாம் என்பது என் துணிபு.

சில வாரங்களில் பேராயர் அவை அந்தப் பட்டமளிப்பு செல்லாது என்றது. 1976இல் திருச்சபையின் பொதுப்பேரவை பெண் குருத்துவத்தை ஏற்றது. ஹாரிஸ் 1980இல் குருவானார். வாஷிங்டன் போன பிறகு 1988இல் அட்வகேட் ஆலயத்தின் குருக்கள் பட்டியலுக்குள் அவரும் வந்தார், 'இடைக்கால' என்ற அடைமொழியோடு. மறு ஆண்டே மாசசூசெட்ஸில் பேராயரானார். உலக ஆங்கிலிக்கன் சமூகத்தில் முதல் பெண் பேராயர். கொலை மிரட்டல்கள் வந்தன. திருநிலைப்பாட்டு நாளன்று குண்டு துளைக்காத உடை அணிந்துகொள்ளும்படி சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்.