காணியுறுதியும் குடிவழியும்

ஈழத்துக் குடும்ப வரலாறுகளை எழுதப் புகுவோர் பழைய காணியுறுதிகளையும் தோம்புகளையும் ஐயத்துக்கிடமற்ற சான்றுகளாகக் கொள்வதுண்டு. இக்கொள்கை மீளாய்வுக்குரியது. உறுதி எழுதப்பட்டது உடைமையை நிலைநாட்டுதற்காகும். குடிவழி அதில் இடையே வந்து சேர்ந்த செய்தியாகும்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயரைப் பின்பற்றித் தோம்புகளைப் பேணினர். காணித் தோம்பு நிலங்களையும் உடையோரையும், தலைத் தோம்பு குடிகளையும் அவர்தம் கடமைகளையும் பதிந்தன. இறையும் ஊழியமும் பெறுதலே அவற்றின் நோக்கம். பிரித்தானியர் ஆட்சியில், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசையும் சாட்சிகளையும் வேண்டிற்று.

இவ்வாவணங்களின் பயன் சிறிதன்று. தமிழரிடையே நிலையான குடும்பப்பெயர் வழக்கிலில்லை; தந்தை பெயரே முன்னிற்கும். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியக் காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை, உரிமை வந்த வழி என்பனவே துணைபுரிகின்றன. மேலும், 1707 இல் கிளாஸ் ஐசாக்சு தொகுத்த தேசவழமை, பழைய வழக்கில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்ந்தமையைக் கூறுகின்றது. ஆதலின், சீதன உறுதிகளை ஒதுக்கித் தந்தையர் பெயரை மட்டும் அடுக்குபவர் குடும்பத்தின் ஒரு பாதியையே காண்பர். தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிய காணியொன்றைத் தொடர்ந்து செல்பவர், வமிசப் பட்டியல்கள் மறந்த பெண்களை மீட்டெடுக்கலாம்.

ஆயினும் இம்முறையின் பெருங்குறை வேறிடத்திலுள்ளது. தேசவழமை அடிமைகளையும் உடைமையாகக் கருதியது. நிலம்போல் அவர்களும் சீதனமாகக் கொடுக்கப்பட்டனர். இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 இலேயாம். அதற்கு முந்திய ஆவணங்களில் ஒருவர் உரிமையாளராகத் தோன்ற, மற்றொருவர் உரிமைப்பொருளாகத் தோன்றுகின்றார். முன்னவரின் பரம்பரையை உறுதிகள் தலைமுறை தலைமுறையாகக் காட்டும். பின்னவரின் தந்தை யாரென உரைக்கும் தேவை அவற்றுக்கு இருந்ததில்லை.

ஆகவே, உறுதியைக் கொண்டு குடிவழி தேடுவோர் அதிற் பெயர் பெற்றோரோடு நின்றுவிடலாகாது. அந்நிலத்தை உழுதும் பெயர் பெறாதோரைத் தேடுதல் அவர்தம் கடமையாகும். திருமுழுக்கையும் மணத்தையும் பதிந்த ஒல்லாந்தர் காலப் பாடசாலைத் தோம்புகளும், ஊரவரின் வாய்மொழி மரபும் இதற்குக் கைகொடுக்கக்கூடும். இம்முயற்சியின்றி எழுதப்படுவதை நிலமுடையோர் வரலாறு எனலாம். ஊரின் வரலாறு எனல் பொருந்தாது.