கேலி எங்கே பலிக்கிறது? சசி தரூரின் ‘ஷோ பிசினஸ்’

இந்தி சினிமாவைக் கேலி செய்வது சுலபம். அதுதான் கேலி செய்ய வருகிற நாவலாசிரியனுக்கு முதல் ஆபத்தும். குழந்தைப் பருவத்தில் பிரிந்த சகோதரர்கள், பாட்டு முடிவதற்குள் நாலு முறை மாறும் சேலை, ஒற்றை ஆளாக இருபது அடியாட்களைச் சாய்க்கும் கதாநாயகன் என்று வாசகன் ஏற்கெனவே சிரித்து முடித்தவற்றையே திரும்பச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம். அதற்கு நாவல் தேவையில்லை. சசி தரூர் ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய காலத்தில் ஆங்கிலத்தில் எழுதி 1991-இல் வெளிவந்த ‘ஷோ பிசினஸ்’ இந்த ஆபத்தைத் தெரிந்தே தலையில் ஏற்றுக்கொண்ட நாவல். பம்பாய்த் திரையுலகில் நுழைந்து, நட்சத்திரமாகி, அரசியலுக்குப் போய், ஊழல் புகாரில் சிக்கித் திரும்பும் அசோக் பஞ்சாரா என்ற நடிகனின் கதை இது. இதற்காக ஆசிரியர் கையாளும் உத்தி ஒன்று உண்டு: நாயகன் நடித்த படங்களின் கதைகளை, பாட்டு உட்பட, நாவலின் அத்தியாயங்களாகவே எழுதிவிடுவது. நாவலின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஒரே உத்தியிலிருந்து பிறக்கின்றன. படக்கதைகளை எங்கே பொருத்துவது என்பதில் தரூர் தேர்ந்தவர். அவற்றை எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதில் தடுமாறுகிறார்.

முதலில் பலத்தைப் பார்ப்போம். நாவல் ‘டேக்’குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அசோக் தன் வாயால் சொல்லும் பகுதி, அவன் நடித்த படத்தின் கதை, அவனிடம் பிறர் பேசும் தனிமொழி என மூன்று இழைகள் மாறி மாறி வருகின்றன. ஆரம்பக் காட்சியில், காகிதக்கூழால் செய்த மரத்தைச் சுற்றி, செயற்கைத் தூறலில், தன்னைவிட மூத்த நடிகையைத் துரத்திக்கொண்டு பின்னணிப் பாடகரின் குரலுக்கு வாயசைக்கிறான் அசோக். உயர்தரப் பள்ளியில் படித்தவன். கல்லூரியில் ஷேக்ஸ்பியர் மன்றச் செயலாளராக இருந்தவன். மத்திய அரசில் சிறு ஜவுளித் துறை என்ற ஒரு துறைக்கு இணையமைச்சராக இருப்பவரின் மகன். தனக்கு இது நேர்ந்ததை அவனால் நம்ப முடியவில்லை. இந்த ஒரு காட்சியில் செட்டின் பொய்யும் தெரிகிறது, அதைவிட முக்கியமாக நடிகனின் பொய்யும் தெரிகிறது. செய்யும் தொழில்மேல் அவனுக்கு மரியாதை இல்லை. ஆனால் அது தரும் புகழ் முழுக்க வேண்டும். பின்னால் வரும் எல்லா விபரீதங்களுக்கும் வித்து இந்த மனநிலைதான்.

தனிமொழிகள் அதைவிடக் கூர்மையானவை. படப்பிடிப்பு விபத்தில் அடிபட்ட அசோக், பேச்சற்று மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறான். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள்: அரசியல்வாதியான அப்பா, தம்பி அஸ்வின், வில்லன் நடிகர் பிரணய், காதலியான நடிகை மெஹ்னாஸ், அவனுக்காக நடிப்பை விட்டுவிட்ட மனைவி மாயா. நாவல் முழுக்கப் பேசித் தீர்ப்பவன் அசோக். வசனத்தாலும் சாமர்த்தியத்தாலும் எந்தக் குற்றச்சாட்டிலிருந்தும் நழுவத் தெரிந்தவன். அவன் பதில் சொல்ல முடியாத நிலையில்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கிறது. நட்சத்திரத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அவன் நினைவிழந்தால் மட்டுமே பேச்சுரிமை கிடைக்கிறது என்பதைவிடக் கடுமையான விமர்சனம் இந்த நாவலில் வேறெங்கும் இல்லை. இதற்காக ஆசிரியர் ஒரு வரிகூட உபதேசம் செய்யவில்லை, வடிவமே சொல்லிவிடுகிறது.

படக்கதைகளும் நல்ல இடத்தில் வைக்கப்படும்போது இதே வேலையைச் செய்கின்றன. ‘தில் ஏக் கிலா’ என்ற படத்தின் கதை இரு முறை வருகிறது, முதல் வரைவாக ஒரு முறை, திருத்திய வடிவாக இன்னொரு முறை. நாயகனுக்கும் அவனை நேசிக்கும் இரண்டு பெண்களுக்கும் இடையிலான முக்கோணம் அது. அந்தப் பாத்திரங்களும் அசோக், மாயா, மெஹ்னாஸ் என்ற நிஜ வாழ்க்கை முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால், திரைக்கதையில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் குடும்பத்துக்குள் நடக்கும் பேரமாகிவிடுகிறது. வீட்டில் யாருக்கு என்ன இடம் என்பதைக் கதை விவாதத்தில் முடிவு செய்கிறார்கள். இங்கே பகடி சிரிப்புக்காக மட்டும் இல்லை. சினிமா வாழ்க்கையை நகலெடுக்கிறதா, வாழ்க்கை சினிமாவை நகலெடுக்கிறதா என்ற பழைய கேள்வியைத் தள்ளிவிட்டு, இரண்டையும் ஒரே ஆட்கள், ஒரே சுயநலத்தோடு எழுதுகிறார்கள் என்று காட்டுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அசோக் பஞ்சாராவின் பின்னால் அமிதாப் பச்சன் நிற்பது வெளிப்படை. பத்திரிகைச் செய்திகளுக்குப் பெயர் மாற்றிய கிசுகிசு நாவல்தானே இது என்பது அந்த மறுப்பு. ஒற்றுமைகளை மறைக்க முடியாது. 1982-இல் பெங்களூரில் ‘கூலி’ சண்டைக் காட்சியில் அமிதாப் படுகாயமடைந்து உயிருக்குப் போராடியது, 1984 தேர்தலில் அலகாபாத்தில் வென்று மக்களவைக்குப் போனது, போஃபர்ஸ் சர்ச்சைக் காலத்தில் 1987-இல் பதவி விலகியது, அவர் மனைவி ஜெயா பாதுரி திருமணத்துக்குப் பின் திரையிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கியது, ஜெயாவும் நடிகை ரேகாவும் அமிதாப்புடன் 1981-இல் ‘சில்சிலா’வில் சேர்ந்து நடித்தது எல்லாம் நாவலின் எலும்புக்கூட்டில் தெரிகின்றன. ஆனால் கிசுகிசு எழுத்து, யாருக்கு யாரோடு என்ன என்ற ரகசியத்தை விற்கிறது. தரூர் எடுத்துக்கொண்டவையோ நாடே அறிந்த பொது நிகழ்ச்சிகள். அவற்றின்மேல் கட்டிய மனிதன் கற்பனை. மேலும், கிசுகிசுப் பத்திரிகையே நாவலுக்குள் ஒரு பாத்திரம்போல வருகிறது. ‘சீட்டா’ என்ற பெயரில் எழுதும் பத்தியாளரின் மொழியை அப்படியே போலி செய்து, அந்த மொழி மனிதர்களை எப்படிப் பண்டமாக்குகிறது என்று காட்டுபவர் தரூர். எனவே இந்த மறுப்பு நிற்காது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. படக்கதைகள் எல்லாமே ‘தில் ஏக் கிலா’ போல வாழ்க்கையோடு உரசுவதில்லை. ‘கோடாம்போ’ என்ற படத்தின் கதை போன்ற பகுதிகள் பெரும்பாலும், இந்தி சினிமாவில் நடப்பது நடக்க முடியாதது என்ற ஒரே நகைச்சுவையை நீட்டிக்கொண்டே போகின்றன. பாடல்கள் வேண்டுமென்றே அசட்டு ஆங்கில எதுகைகளில் வருகின்றன. முதல் பாட்டுக்குச் சிரிப்பு வருகிறது, மூன்றாவதைக் கண் தாண்டிப் போகிறது. காரணம், தரூர் கேலி செய்யும் சினிமா அவருக்கு முன்பே தன்னைக் கேலி செய்துகொண்டது. மன்மோகன் தேசாயின் ‘அமர் அக்பர் அந்தோனி’ (1977) படத்தில், ஒருவரையொருவர் அறியாத மூன்று சகோதரர்கள் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்து, தங்கள் தாய் என்று தெரியாமலே ஒரு பெண்ணுக்கு ஒரே நேரத்தில் ரத்தம் கொடுக்கிறார்கள். மூன்று குழாய்களின் ரத்தமும் ஒன்றாகச் சேர்ந்து அவள் உடம்பில் ஏறுகிறது. அதே படத்தில் அமிதாப் ராட்சத ஈஸ்டர் முட்டையிலிருந்து கோட்டும் தொப்பியுமாக வெளிவந்து அர்த்தமற்ற ஆங்கிலம் பொழிகிறார். இதை எடுத்தவருக்கும் பார்த்தவருக்கும் இது நடக்காது என்று தெரியும். அந்தத் தெரிதலும் ரசனையில் அடக்கம். ‘கூலி’யிலோ நடிகர் நிஜமாக அடிபட்ட இடத்தில் காட்சியை உறையவைத்து எழுத்துப் போட்டார்கள், சாகவேண்டிய கதாநாயகனைப் பிழைக்கவைத்து முடிவையும் மாற்றினார்கள். தரூரின் ஆகத் துணிச்சலான கற்பனை எதுவோ, அதை அந்தத் தொழில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்து, டிக்கெட் விற்று முடித்துவிட்டது. இப்படிப்பட்ட கலையிடம் ‘இது பொய்’ என்று சொல்வது கண்டுபிடிப்பல்ல.

நாவலுக்காக வாதாடுகிறவர்கள் இங்கே ஒரு கேடயத்தை நீட்டுவார்கள்: அந்த ஏளனம் அசோக்குடையது, ஆசிரியருடையது அல்ல, கான்வென்ட் ஆங்கிலத்தில் வளர்ந்த மேட்டுக்குடி இளைஞன் ஜனரஞ்சகக் கலையை எப்படி அற்பமாகப் பார்க்கிறான் என்பதே அங்கதத்தின் இலக்கு என்பார்கள். அசோக் தன் வாயால் பேசும் பகுதிகளுக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். அங்கே அவன் எள்ளல் அவனையே திருப்பிச் சுடுகிறது. ஆனால் படக்கதைகளைச் சொல்வது அசோக் அல்ல. பாத்திரம் எதுவும் இல்லாத, ஆசிரியருக்கே உரிய குரல் அது. அந்தக் குரலும் அசோக்கின் குரலைப் போலவே புருவம் உயர்த்திப் பேசுகிறது. நாயகனின் அகம்பாவத்தை நையாண்டி செய்யவேண்டிய ஆசிரியர், நாயகன் அறையில் இல்லாதபோதும் அவன் குரலிலேயே பேசினால் கேடயம் கீழே விழுந்துவிடுகிறது. அங்கதத்தில் பாத்திரங்கள் தட்டையாக இருக்கலாம், மிகை இருக்கலாம்; அது வகைமையின் உரிமை. கேலி செய்கிறவனும் கேலிக்கு ஆளாகிறவனும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பது மட்டும் கூடாது.

இந்தப் பார்வைக்கோளாறின் பெரிய விலை, நாவலில் ரசிகன் இல்லாமல் போனது. படுக்கையருகே வந்து பேசுகிறவர்கள் எல்லாம் அசோக்கின் வீட்டையும் தொழிலையும் சேர்ந்தவர்கள்; சீட்டு வாங்கிப் படம் பார்த்தவனுக்கு அந்த அறையில் ஒரு தனிமொழி கிடைக்கவில்லை. அடிபட்ட நடிகனுக்காக ஏன் ஊரே பிரார்த்திக்கிறது? தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1967 ஜனவரியில் சுடப்பட்டு மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டுப் போட்ட படம் அச்சிட்ட சுவரொட்டிகளின் துணையோடு, பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அந்த வாக்காளரை முட்டாள் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அவர் மனத்துக்குள் போகாமல் நடிக அரசியலைப் பற்றி எழுதும் எந்த நாவலும் பாதிக் கதையைத்தான் சொல்லும். தொழிலின் மறுபாதியும் இப்படியே விடுபடுகிறது. ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அசோகமித்திரன் 1969-இல் தந்த ‘கரைந்த நிழல்கள்’, தயாரிப்பு நிர்வாகி நடராஜன் போன்றவர்கள் வழியாக இதே கனவு வியாபாரத்தைக் காட்டியது. அதில் கேலியே இல்லை என்று சொல்லலாம். ஆனால் கம்பெனி நொடித்தால் யார் தெருவுக்கு வருவார் என்பது தெரிகிறது. தரூர் நட்சத்திரத்தைப் பற்றி எழுதத் தேர்ந்தார், அவரிடம் அசோகமித்திரனைக் கேட்க முடியாது என்பது சரிதான். ஆனால் நட்சத்திரம் என்பவன் கீழே இருப்பவர்களின் உழைப்பாலும் எதிரே இருப்பவர்களின் ஆசையாலும் ஆனவன். இரண்டையும் விட்டால் எஞ்சுவது அவனுடைய தன்முனைப்பு மட்டுமே.

ஆகவே ‘ஷோ பிசினஸ்’ பாதி வென்ற நாவல். வென்ற பாதி சாதாரணமானதல்ல. படக்கதையை வாழ்க்கையின் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கச் செய்ததும், நாயகனின் வாயை அடைத்து மற்றவர்களைப் பேசவிட்டதும் இந்திய ஆங்கில நாவலில் பேசத் தகுந்த வடிவச் சாதனைகள். மரத்தைச் சுற்றி ஓடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் சாதனையில் சேராது. சினிமாவை எழுத நினைக்கும் அடுத்த நாவலாசிரியர் இந்த நூலின் கட்டுமானத்தைக் கற்கட்டும். அதன் ஏளனத்தை விட்டுவிடட்டும்.