சதிப் படங்களும் மேலூர் மலைகளும்

2002 தீபாவளிக்கு வந்த ‘ரமணா’வை மதுரை கொண்டாடியதற்கு, விஜயகாந்த் எங்கள் ஊர்ப் பிள்ளை என்பது மட்டும் காரணமில்லை. ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவருடைய பழைய மாணவர்கள் அரசு அலுவலகங்கள்தோறும் வேலையில் இருக்கிறார்கள். லஞ்சம் வாங்குபவர்களின் பட்டியல் ரகசியமாகத் தயாராகிறது, தாசில்தார்கள் கடத்தப்படுகிறார்கள், பட்டியலின் முதல் ஆள் கொல்லப்படுகிறான். பட்டா மாறுதலுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் நின்ற யாருக்கும் அந்தக் கதை இனிக்கத்தான் செய்யும். 2005 செப்டம்பர் 14 அன்று இதே மதுரையில் விஜயகாந்த் தன் கட்சியைத் தொடங்கியபோது, திரண்டு வந்தவர்களில் பலர் அந்தப் பேராசிரியரைத்தான் பார்க்க வந்தார்கள் என்று நம்புகிறேன்.

ரகசியக் குழுக்கள், மறைமுகச் சதிகள் பற்றிய தமிழ்ப் படங்களின் பலம் இங்கேதான் இருக்கிறது. “இதுக்குப் பின்னாடி பெரிய கை இருக்குப்பா” என்று சிம்மக்கல் டீக்கடையில் சொல்லிவிட்டுக் கலைந்துபோகும் மனிதருக்கு, அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று அவை காட்டுகின்றன. எஸ்.பி. ஜனநாதனின் ‘ஈ’ (2006) இதில் உயர்ந்த உதாரணம். சேரி மக்களின் உடலில் மருந்துச் சோதனை நடக்கிறது. தங்கள் மேல் எது சோதிக்கப்படுகிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. கதையை மிகை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டது. ஒப்புதல் பெற்ற முறையை நாடாளுமன்றக் குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. யாருடைய உடல், யாருக்கு லாபம் என்ற கேள்வியை ஒரு வணிகப் படம் முன்கூட்டியே கேட்டுவிட்டது. ஜனநாதனுக்கு நாம் தர வேண்டிய மரியாதையை இன்னும் முழுதாகத் தரவில்லை.

அதே ‘பெரிய கை’யை ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ சொந்தமாக்கும்போது இந்த வகைப் படம் நஞ்சாகிவிடுகிறது. ‘ஏழாம் அறிவு’ (2011) படத்தில் சீனாவிலிருந்து வருபவன் ஒரு நாய்க்கு ஊசி போட்டு நோயைப் பரப்புகிறான். 2020-இல் கொரோனா வந்ததும் அந்தக் காட்சி கைபேசிகளில் தீர்க்கதரிசனமாகச் சுற்றியது. அதே மாதங்களில் நம் வடகிழக்கு மாநிலத்தவர்கள் முகச்சாயலுக்காக இந்திய நகரங்களில் ஏசப்பட்டார்கள். அதற்கு ஒரு படத்தைக் குற்றவாளியாக்க மாட்டேன். ஆனால் சந்தேகிக்க ஒரு முகத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிது என்பதை அது காட்டிவிட்டது. ‘துப்பாக்கி’ (2012) வெளியானதும் இஸ்லாமிய அமைப்புகள் எதிர்த்தன. படக்குழு வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கியது. பக்கத்து வீட்டுக்காரனும் சதிகாரனாக இருக்கலாம் என்ற பயத்தைத் திரையில் விதைக்கும்போது, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் டிக்கெட் வாங்கி அதே அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அநீதி எங்கோ ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்தால் முடிந்துவிடும் என்று இந்தப் படங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டது எந்த இருட்டறையில் நடந்தது? பாறைக் கட்டிகளை ஏற்றிய லாரிகள் பட்டப்பகலில்தான் போயின. சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்தும் உள்ள கீழவளவு மலையின் அருகிலேயே வெடி வைத்தார்கள். குத்தகை, அனுமதி, நடைச்சீட்டு என்று எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு எழுதிய கடிதத்தில் இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணித்தார். அந்த மாதமே அவர் மாற்றப்பட்டார்; ஆகஸ்டில்தான் கடிதம் வெளியே வந்தது. பிறகு உயர் நீதிமன்றம் அவரையே ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அறிக்கை தாக்கலானது.

அந்த விசாரணையில் ஊர் இன்றும் எதைப் பேசுகிறது? நரபலி நடந்ததாக எழுந்த புகாரில் தோண்டிய சுடுகாட்டில், தடயத்தைக் காக்க சகாயம் இரவு முழுக்கத் தங்கிய காட்சியைத்தான். அந்த உறுதி போற்றத்தக்கது, சந்தேகமில்லை. ஆனால் கண்மாய்கள், வரத்துக் கால்வாய்கள், புறம்போக்கு நிலங்கள் அழிந்தது பற்றி அறிக்கை சொன்னது யார் நினைவில் இருக்கிறது? சினிமா பார்த்துப் பழகிய கண், நிஜத்திலும் சினிமாக் காட்சியையே பொறுக்கி எடுத்துக்கொண்டது. ‘ரமணா’வின் பேராசிரியரிடமும் ஆயுதமாக இருந்தவை கோப்புகளே. அதைக் கவனிக்காமல் கடத்தலுக்கும் தண்டனைக்கும் கைதட்டினோம். நாலு பேர் ரகசியமாகக் கூடி எழுதும் பட்டியலில் ஒரு பெயர் தவறாக இருந்தால் அந்த மனிதன் எங்கே போய் முறையிடுவான் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

வேறு மாதிரியும் எடுக்க முடியும் என்பதை 1954-லேயே எஸ். பாலசந்தர் காட்டிவிட்டார். ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த மறுநாள் காலை, ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். யார் சுட்டது என்று தேடும் கதை, அவன் ஏன் உளவாளியானான் என்ற இடத்தில் போய் நிற்கிறது. தன் கண்டுபிடிப்பை இங்கே மதிக்காததால் திசைமாறிய திறமைசாலி அவன். அவனோடு குடும்பம் நடத்தியவளுக்கே உண்மை தாமதமாகத்தான் தெரிகிறது. தெரிந்த பிறகு அவள் படும் பாடுதான் படத்தின் உச்சம். துரோகத்தை மன்னிக்காமலேயே துரோகியை மனிதனாகப் பார்க்க வைக்கிறார் பாலசந்தர். சிவாஜி நடித்தும் படம் அன்று பெரிதாக ஓடவில்லை.

மேலூர்க் கதையை அப்படி எடுக்க ஓர் இயக்குநர் வேண்டும். முத்திரை குத்திய குமாஸ்தா, நிலத்தைக் குத்தகைக்கு விட்ட சம்சாரி, கூலிக்கு லாரி ஓட்டியவர், தினமும் அந்தச் சாலையில் பஸ்ஸில் போய்வந்த நாம் என்று அதில் நடிக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். வில்லன் யார் என்று இடைவேளைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும்; தெரிந்த பிறகு என்ன நடந்தது என்பதே அதன் இரண்டாம் பாதி.